பத்தொன்பது பேருக்கு முப்பத்து நான்கு பெஞ்சு

ஜோயல்,

நேற்று மறுபடியும் போனை வைத்துவிட்டாய். "அம்மா, இன்னும் அந்தப் பெஞ்சுக் கதையா?" என்று கேட்டாய், அவ்வளவுதான். சரி, கடிதம் என்றால் நீ இடையில் வெட்ட முடியாது. அதற்காகத்தான் முட்டி வலியோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் நீயும் மருமகள் கிரேஸும் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிடுவீர்கள். அங்கே நீ எழுந்திருக்கும் நேரத்தில் நான் தூங்குவேன், நான் எழுந்திருக்கும் நேரத்தில் நீ வேலையில் இருப்பாய், நிம்மதியாகச் சண்டை போடக்கூட நமக்கு நேரம் ஒத்துவராது. அதனால் போகும் முன்பே சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம். சபைமேல் கோபம். எல்லாரையும்விட என்மேல்தான் அதிகக் கோபம். அந்தக் கடைசிக் கோபத்தைப் பற்றிச் சொல்ல நாலைந்து பக்கம் ஆகும், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரிகிறது. பாடாங் மேஹா பக்கத்தில் நம் ரப்பர் தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். தோட்டத்து நிலத்தில் இருக்கும் நம் ஆலயத்தை கிறிஸ்மஸ் முடிந்ததும் இடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக கோலா கெத்திலுக்குப் போகும் சாலையோரம் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதில் கட்ட அனுமதி கேட்டு வருடக்கணக்கில் அலைந்தோம். செல்வதாஸ் அண்ணன் சபைத் தலைவர் ஆனபோது அவர் தலை கறுப்பாக இருந்தது, அனுமதிக் கடிதம் கையில் வந்தபோது அந்தத் தலையில் முடியே இல்லை. வந்த அனுமதி நீ வரைந்த பிளானுக்கு. பன்னிரண்டு பெஞ்சு, ஒரு சிறிய பீடம், பின்னால் ஒரு அறை, வெளியே மழைக்கு ஒதுங்க ஒரு கூரை. ஜொகூரிலிருந்து சனிக்கிழமைகளில் வந்து, செருப்பில் சேறு ஒட்ட ஒட்ட அந்த நிலத்தை நீ அளந்ததை நான் குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு காசு வாங்காமல் வரைந்தாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. அதுவும் என் தப்புகளில் ஒன்று.

அனுமதி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வதாஸ் அண்ணன் உன் பிளானின் நகலைப் படம் எடுத்து சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஆராதனைக்கு வருகிறவர்கள் பத்தொன்பது பேர், ஆனால் அந்தக் குரூப்பில் நூற்றுக்கு மேல் ஆட்கள். சுபாங்கில் இருப்பவர்கள், ஈப்போவில் இருப்பவர்கள், சிங்கப்பூர், லண்டன் என்று எல்லாரும் இருக்கிறார்கள். சாதாரணமாகப் பிறந்தநாள் கேக்கும் காலை வணக்கமும்தான் அதில் வரும். அன்றைக்குக் கொட்டியது பார், போன் சூடாகிவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும். நம் ஆலயத்தில் முப்பத்து நான்கு பெஞ்சு. ஒவ்வொன்றும் செங்கால் மரம், ஆறு பேர் சேர்ந்தால்தான் அசையும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர், "இன்னாரின் நினைவாக, குடும்பத்தார்" என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தோம். பெஞ்சு வந்த பிறகு குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு என்று ஆகிவிட்டது. அந்தக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்போது இங்கே இல்லை, பெஞ்சு மட்டும் இருக்கிறது.

பன்னிரண்டுதான் என்றால் மீதி இருபத்திரண்டு எங்கே போகும் என்பதுதான் கேள்வி. "எங்க அப்பா பெஞ்சு இல்லாத சர்ச்சுக்கு நாங்க ஏன் வரணும்?" என்று சுபாங்கிலிருந்து ஒருத்தி குரல் பதிவு அனுப்பினாள். அப்பா பெஞ்சு இருக்கும்போதே அவள் வந்தது கிடையாது. கிறிஸ்மஸுக்கு வருவாள், டிஷ்யூவால் பெஞ்சைத் துடைப்பாள், பெயர் தெரிகிற மாதிரி சாய்ந்து நின்று ஒரு படம் எடுப்பாள், பிரசங்கம் முடிவதற்குள் காரில் ஏறிவிடுவாள். இன்னொருவர், "அந்த ஆலயமே நம்ம முன்னோருங்க பெஞ்சாலதான் நிக்குது" என்று எழுதினார். ஆலயம் நிற்பது ஒவ்வொரு சனிக்கிழமையும் அன்னம்மாள் அக்கா கூட்டிப் பெருக்குவதால். அவர் ஒருமுறை வந்து துடைப்பத்தைப் பிடித்தால் தெரியும். இதையெல்லாம் நான் குரூப்பில் எழுதினேனா? எழுதவில்லை. ஏனென்றால் நானும் அவர்கள் கட்சிதான்.

ஆமாம் ஜோயல், நானும்தான். உன் அப்பா இறந்துபோன மறு வருடம் "தேவராஜ் நினைவாக" என்று அவர் பெயரில் பெஞ்சு செய்து போட்டேன். கடைசி நாட்களில் இருமல் வந்தால் சட்டென்று வெளியே போவதற்காக அவர் நடைபாதை ஓரமாகவே உட்காருவார். அதே இடத்தில்தான் போடவேண்டும் என்று தச்சரிடம் அடம் பிடித்தேன். தோட்டத்து லோரியை இருபது வருடம் ஓட்டிய மனுஷனுக்குத் தோட்டம் ஒரு கல்கூட நட்டு வைக்கவில்லை. இந்தப் பலகையிலாவது அவர் பெயர் இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் பிளானில் பெஞ்சுகளை எண்ணினேன். பன்னிரண்டில் தேவராஜுக்கு இடம் கிடைக்குமா என்று யோசித்தேன். பழைய குடும்பங்கள் முந்திக்கொண்டால் நமக்குக் கிடைக்காது என்று பயந்தேன். அதனால் செயற்குழுக் கூட்டத்தில், "முப்பத்து நாலும் வைக்கிற மாதிரி பிளானைப் பெருசாக்கச் சொல்லுவோம்" என்று முதலில் கை தூக்கியது நான். மற்றவர்கள் எனக்குப் பின்னால் தூக்கினார்கள். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. செல்வதாஸ் அண்ணன்தான் ஆரம்பித்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், நானும் நினைக்க விட்டேன்.

அப்புறம்தான் உன்னைப் போனில் பிடித்தோம். பீடத்துக்கு முன்னால் மேசையில் போனை வைத்து, நானும் இன்னும் எட்டு பேரும் சுற்றி நின்றோம். நீ பொறுமையாகத்தான் ஆரம்பித்தாய். "அங்கிள், அனுமதி வந்தது இந்த அளவுக்குத்தான்லா. மாத்துனா மறுபடியும் முதல்லருந்து மனு குடுக்கணும். கிறிஸ்மஸுக்கு அப்புறம் எங்க போய் ஜெபம் பண்ணுவீங்க, பஸ் ஸ்டாப்லயா?" என்றாய். செல்வதாஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். அப்புறம் நீ கொஞ்சம் சூடாகி, "பெஞ்சு வைக்கிறதுக்கா சர்ச்சு கட்டுறீங்க, ஆளு உக்கார்றதுக்கா?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும், எனக்கும் ஒரு எழுத்து மறக்கவில்லை. "வருசத்துக்கு ஒரு தடவ வர்றவன் எங்களுக்கு அளவு சொல்லாத. உன் பிளானை நீயே வச்சிக்க." எட்டு பேர் முன்னால் சொன்னேன். பெற்ற பிள்ளையை, அத்தனை சனிக்கிழமை சேற்றில் நின்ற பிள்ளையை, அப்படிச் சொன்னேன். நீ "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். முத்திரை வைத்த அசல் பிளான் அன்றிலிருந்து உன் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அது இல்லாமல் கொத்தனார் ஒரு கல் எடுத்து வைக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் யாருக்கும் முகம் இல்லை.

நீ இதையெல்லாம் முன்பே பார்த்தவன். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள் நம் இடத்தை விட்டுவிட்டு, உன் சிநேகிதன் வீட்டுப் பெஞ்சில் போய் அவனோடு உட்கார்ந்தாய். அவன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வை போதுமாயிருந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் உன் காதைப் பிடித்து இழுத்து வந்து நம் இடத்தில் உட்கார வைத்தேன். நீ அழவில்லை. அடுத்த வாரம் ஆலயத்துக்குள்ளேயே வராமல் மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாய், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பையனுக்கு வயசுக் கோளாறு என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "இவனுக்கு பக்தி இல்லை" என்று எத்தனை வருடம் உன்னைக் குத்திக் காட்டியிருப்பேன். காதைப் பிடித்த கை யாருடையது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

உன்னையும் சும்மா விடுவதாக இல்லை. "நாலு சபையைச் சேர்த்து ஒன்னாக்கிட்டா முடிஞ்சுதும்மா" என்று நீ சொல்வது பிளானில் கோடு இழுப்பதைப் போல லேசாக இருக்கிறது. போதகருக்கு நாலு சபை. மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் நம் பக்கம் வருகிறார், அதுவும் மூச்சு வாங்க வந்து, செருப்பைக் கழற்றும்போதே அடுத்த இடத்துக்குக் கிளம்பும் நேரத்தைப் பார்க்கிறார். மற்ற ஞாயிறுகளில் செல்வதாஸ் அண்ணன் பழைய பிரசங்கப் புத்தகத்திலிருந்து வாசிக்கிறார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நான் மனதுக்குள் ஒரு வாரச் சமையலைத் திட்டமிட்டு முடித்துவிடுவேன். கீபோர்டு வாசித்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அன்னம்மாள் அக்கா எந்த சுருதியில் எடுக்கிறாரோ அதுதான் பாட்டு, அவர் எடுக்கும் சுருதி வேறு யாருக்கும் எட்டாது. இருக்கிற இளவட்டங்கள் டிரம்ஸும் ஏர்கோனும் இருக்கிற டவுன் சபைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவும் உண்மைதான். ஆனால் அன்னம்மாள் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, பஸ் ஞாயிற்றுக்கிழமை வருவது அதன் இஷ்டம். டவுனோடு சேர்த்துவிட்டால் அக்கா வீட்டில் உட்கார்ந்து ரேடியோதான் கேட்க வேண்டும். அக்காவைப் போல ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களை எந்த பிளானில் வரைவாய்?

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். போன வாரம் பாசாரில் மீன் வாங்க நின்றிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் "அக்கா, சுகமா?" என்றது. பார்த்த முகம், பெயர்தான் ஞாபகம் வரவில்லை. ஷீலா என்று அவளே சொன்னாள். புது வீடமைப்பில் குடி வந்தவள், கணவனுக்குக் குருணில் ஃபேக்டரி வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்துக்கு வந்திருக்கிறாள். "இப்ப எங்க போறீங்க?" என்று கேட்டேன். "குருணுக்குத்தான்கா, கொஞ்சம் தூரம்தான், பரவால்ல" என்றாள். நான் விடவில்லை. "பக்கத்துலயே நாங்க இருக்கோமேம்மா?" என்றேன். அவள் மீன்காரனிடம் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டே, குத்தல் எதுவும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்: "வந்தோமேக்கா. உங்க சர்ச்சுலதான் இடம் இல்லையே."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது பேர் உட்காரும் ஆலயத்தில் முப்பத்து நான்கு பெஞ்சு, இடம் இல்லையாம். வீட்டுக்கு வந்து மீனை அலசும்போதுதான் அந்த ஞாயிறு முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "அது அவங்க பெஞ்சும்மா, கிறிஸ்மஸுக்கு வருவாங்க" என்று யாரோ சொன்னார்கள். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள், அங்கேயும் அதே கதை. மூன்றாவதாக வந்து உட்கார்ந்தது தேவராஜ் நினைவாக என்று எழுதிய பெஞ்சில். இவ்வளவையும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே வந்தேன். என் இடத்தில் வேறு ஆட்கள். நான் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. என் கைப்பையை அந்தச் சின்னப் பெண்ணின் பக்கத்தில் வைத்தேன், வைத்துவிட்டு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். ஷீலா புரிந்துகொண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைசியில் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் மூலைக்குப் போனாள். நான் உட்கார்ந்து, தலைகுனிந்து, சபை வளரவேண்டும் என்று ஜெபம் பண்ணினேன்.

மீனை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். யாரைத் திட்டுவது? உன்னைத் திட்டலாம் என்று போனை எடுத்தேன், நீ அன்றைக்கும் எடுக்கவில்லை. உன் அப்பாவைத் திட்டினேன், அவர் படத்தைப் பார்த்து. அவர் எந்தக் காலத்தில் இடம் கேட்டார்? தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் மணல் ஏற்றிப் போனவர் அவர், தேர் நகரும்போது லோரிமேல் நின்று கை தட்டியவர் அவர். ஒரு சின்னப் பெண்ணை எழுப்பிவிட்டுத்தான் அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவரே அந்தப் பெஞ்சை லோரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஆற்றில் போட்டிருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது ஜோயல். அறுபத்தெட்டு வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. போதகர் வந்த ஞாயிறு. நான் உள்ளே போய், நம் பெஞ்சைத் தாண்டி நடந்தேன். அன்னம்மாள் அக்கா, "என்னாச்சு இவளுக்கு, கண்ணு தெரியலையா?" என்று சத்தமாகவே கேட்டார். நேராக முன்னால் போய், யாரோ ஒரு பழைய பெரியவர் பெயர் எழுதிய முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்து, "எல்லாரும் முன்ன வாங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. அந்த ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அங்க உக்காந்து என்ன காவல் காக்குறீங்க? பெஞ்சு எங்கயும் ஓடிப் போவாதுலா. ஆறு பேரு சேந்தாத்தான் அசையும்!" என்று கத்திவிட்டேன். ஆராதனைக்கு முன்னால் போதகருக்கு எதிரே கத்தினேன். செல்வதாஸ் அண்ணன் முதலில் எழுந்தார். அப்புறம் அக்கா, முனகிக்கொண்டே. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

நாலு பெஞ்சு, ஜோயல். மொத்த சபையும் நாலு பெஞ்சில் அடங்கிவிட்டது. முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்தோம். பின்னால் முப்பது பெஞ்சு காலியாகக் கிடந்தது. பாட்டு எடுத்தோம். நாங்கள் சிதறி உட்காருவதால் எப்போதும் முன்னால் இருப்பவர் ஒரு வரியை முடித்தபிறகுதான் பின்னால் இருப்பவர் அதை ஆரம்பிப்பார். அன்றைக்கு எல்லாரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடித்தோம். அக்காகூட சுருதியைக் கொஞ்சம் இறக்கினார், பக்கத்தில் இருக்கிற ஆள் காதைப் பொத்தியதால் இருக்கலாம். போதகர் மைக்கைக் கையில் எடுத்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் கீழே வைத்துவிட்டுச் சாதாரணக் குரலில் பேசினார். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்துவதுபோல் சமாளித்தேன்.

ஆராதனை முடிந்ததும் அங்கேயே செயற்குழுக் கூட்டம் போட்டோம். நான் எழுந்து, பிளானைப் பெரிதாக்கச் சொல்லி முதலில் கை தூக்கியது நான்தான், அதே கையால் இப்போது அதை ரத்து செய்யச் சொல்கிறேன் என்றேன். ஷீலா கதையையும் சொன்னேன், கைப்பையை வைத்தது உட்பட. எல்லாருக்கும் ஆளுக்கொரு கைப்பை ஞாபகம் வந்திருக்கும். உன்னைப் பற்றி நான் சொன்னது தப்பு என்றும் எட்டு பேர் முன்னால் சொன்னேன். அதே எட்டு பேர்தான், வேண்டுமானால் செல்வதாஸ் அண்ணனைக் கேட்டுப் பார். உன் பழைய பிளானையே வைத்துக் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. புது ஆலயத்தில் எந்தப் பெஞ்சிலும் பெயர் இருக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் அன்று மாலையே பிரளயம், சுபாங்குக்காரி குரூப்பை விட்டே வெளியேறிவிட்டாள். கிறிஸ்மஸுக்கு வந்தால் அவளை அன்னம்மாள் அக்கா பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன்.

மீதிப் பெஞ்சுகளை மாரியம்மன் கோயில்காரர்கள் அன்னதானக் கூடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், அவர்களும் தோட்டத்தை விட்டு இடம் மாறுகிறார்கள். முதலில் போவது நம் பெஞ்சு. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயரைச் சுரண்டித் தரட்டுமா என்று கேட்டேன். "தேவராஜ் அண்ணன் பேருதானக்கா, அப்படியே இருக்கட்டும்" என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் ஒரு பாட்டம் அழுதேன். உன் அப்பா இனிமேல் தினமும் பந்தியில் இருப்பார், அவருக்குச் சாப்பாடு என்றால் எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஷீலாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ அக்கா, அதெல்லாம் மறந்துட்டேன்" என்றாள். வருவாயா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்கா" என்றாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மறுபடியும் கேட்பேன்.

நீ ரொம்பவும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். உன் பிளானில் பன்னிரண்டு பெஞ்சு, நாங்கள் நிரப்புவது நாலு. மீதி எட்டுக்கு ஆள் எங்கிருந்து வரும் என்று நீயும் கணக்குப் போடவில்லை, நானும் போடவில்லை. அது இனிமேல் எங்கள் பாடு. நீ செய்யவேண்டியது ஒன்றுதான். அலமாரியில் இருக்கிற அந்த பிளானைக் கூரியரில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு இங்கே இருக்கும்படி வா. நாலு பெஞ்சிலும் பெஞ்சுக்கு ஐந்து பேராக உட்கார்ந்தோம், நாங்கள் பத்தொன்பது பேர். என் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் கைப்பையை வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

அம்மா